மேட்டு நிலத்து இன்ஜின்

பழைய விசைப்படகு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், ஐயா. மரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மரம் அழுகியிருந்தால் படகே போச்சு. இன்ஜின் போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். நாகப்பட்டினத்தில் என்னிடம் யோசனை கேட்டு வந்த நாலைந்து பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். யாரும் நஷ்டப்படவில்லை.

ஸ்டேஷன் ரைட்டர் மெதுவாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. பெயர் காயாரோகணம். வயது நாற்பத்தாறு. தொழில் கடல். எட்டாவது வரை படித்தவன் என்பதால் எங்கள் குப்பத்தில் மனு, கடுதாசி எல்லாம் என்னிடம்தான் வரும். இடது கையாலும் எழுதுவேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வருஷம், எழுபத்திரண்டு மாசியில், என் படகை வாங்கினேன். முப்பத்திரண்டு அடி, அயினி மரம், ஒரு பலகைகூட அழுகல் கிடையாது. மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது கோடியக்கரைக்கு நேரே இன்ஜின் பிளாக் வெடித்து நின்றுவிட்டது. வேறொரு படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். என் மனைவி சௌந்தரநாயகி கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். ஒரு வார்த்தை கேட்காமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கையில் இருந்ததையும் சேர்த்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தேறியது. அதற்குள் ஒரு இன்ஜின். இதுதான் என் கணக்கு, இதைத் தவிர வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

புது இன்ஜின் பதினாறாயிரம். சர்க்கார் கடனுக்கு எழுதிப் போட்டால் என் முறை வர நாலு வருஷம் ஆகும் என்றார்கள். துறைமுகத்தருகே பட்டறை வைத்திருக்கிற ஜெக்கரியா மேஸ்திரியிடம் போனேன். முப்பது வருஷமாக இன்ஜின் பிரிக்கிறவர். லாரி இன்ஜின் ஒன்று காட்டினார், ஆறாயிரம். அதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். லாரி இன்ஜின் வேகமாகச் சுற்றும், சீக்கிரம் தேயும், கடலுக்கு அந்த அவசரம் ஆகாது.

"வயக்காட்டுப் பக்கம் போய்ப் பாரு, காயா," என்றார். "தண்ணி எறைக்கிற பெரிய இன்ஜின் இருக்கும். மெதுவா சுத்தும், நாள் பூரா ஓடினாலும் சலிக்காது. அதுல ஒண்ணு கெடச்சா ஒன் படகுக்கு நான் கட்டித் தர்றேன்."

ஒரு மாதம் பஸ் ஏறி ஏறி இறங்கினேன். திருவாரூர், மாயவரம், குத்தாலம் என்று பதினொரு இன்ஜின் பார்த்தேன். ஒன்றுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்த பிறகு வரச் சொன்னார்கள். ஒன்றுக்குக் கறுப்பும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்து விரிசலை மறைத்திருந்தார்கள். இன்னொன்றின் சொந்தக்காரர் என் ஜாதகத்தைக் கேட்டார். அந்த இன்ஜின் வந்த நாளில் அவர் அப்பா தவறிவிட்டாராம், எனக்கும் அப்படி ஏதும் ஆகிவிடக் கூடாது என்று பார்க்கிறார். நல்ல மனுஷன். ஆனால் இன்ஜின் பழைய இரும்புக்குத்தான் ஆகும்.

பன்னிரண்டாவதாகத்தான் அதைப் பார்த்தேன்.

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் ஓடு போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் இரட்டை சிலிண்டர், இருபது குதிரைச் சக்தி, சீமை இரும்பு. வாய்க்காலிலிருந்து தண்ணீரை எடுத்து மேட்டு நிலத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நான் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மாட்டின் விலாவில் கை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சௌந்தரநாயகியைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடைக்கவில்லை.

இன்ஜினும் நிலமும் மிராசுதார் துரைராசு அவர்களுடையது. அவரிடம் விலை கேட்டேன். சிரித்துவிட்டார்.

"வெறகுக் கடையில வந்து கோயில் தேரக் கேக்குற மாதிரி கேக்குறீங்களே," என்றார். "அந்த மேட்டு நெலம் பதினாலு ஏக்கர் எனக்கு இருக்குற வரைக்கும் இன்ஜினும் இருக்கும். போயிட்டு வாங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். நிலம் இருக்கும் வரை இன்ஜின் இருக்கும் என்கிறார். அப்படியானால் இன்ஜினில் ஒரு இடைஞ்சலும் இல்லை. இடைஞ்சல் நிலத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பதினாலு ஏக்கரைக் குத்தகைக்கு உழுதவன் தங்கையன். அவன் அப்பா காலத்திலிருந்து அவர்கள் சாகுபடிதான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மனைவி அமிர்தம். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதே, நீ ஏன் பதியவில்லை என்று கேட்டேன். மிராசு கோபித்துக்கொள்வார் என்றான். சட்டம் யார் கோபத்தையும் பார்ப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். மனுவையும் நானே எழுதினேன், பஸ் செலவும் என்னுடையது. அது நல்ல காரியம், ஐயா. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. உழுகிறவனுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாமா?

அன்று சாயங்காலமே மிராசுதாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். அதை இடது கையால் எழுதினேன். உங்கள் நிலத்தைத் தங்கையன் பெயரில் பதிய மனு போயிருக்கிறது, விழித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் இருந்தது. அதிலும் பொய் எதுவும் இல்லை.

அவர் இன்ஜினை நிறுத்தினார். கொட்டகையைப் பூட்டி, டீசல் பீப்பாயை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மேட்டு நிலமானதால் பத்து நாளில் வெடித்துவிட்டது. குறுவைப் பயிர் முழங்கால் உயரத்தில் அப்படியே வைக்கோலானது. ஆவணியில் நான் போய் விலை கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. ஆறாயிரம் என்றார்.

கோயில் தேர் ஆறாயிரத்துக்கு இறங்கியிருந்தது. வழி சரிதான் என்று தெரிந்தது.

தங்கையனுக்கும் ஒரு மொட்டைக் கடுதாசி போனது. பூட்டை உடைத்து இன்ஜினை ஓட்டினால் தடுக்க ஆளில்லை, விவசாயச் சங்கம் பின்னால் நிற்கும் என்று எழுதினேன். அவன் கொடி கட்டி, பத்துப் பேரோடு போய்ப் பூட்டை உடைத்தான். கடன் வாங்கி டீசல் ஊற்றி சம்பா நட்டான். மிராசுதாரின் ஆட்களும் வந்தார்கள். அந்தச் சண்டையை நான் எதிர்பார்த்தேன். கொட்டகைக்குள்ளேயே நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கடப்பாரை டீசல் பம்புக்கு நாலு விரல் தள்ளி விழுந்ததாகக் கேள்விப்பட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தரப்புக்கும் உடனே எழுதினேன். உங்கள் சண்டை நியாயமானது, ஆனால் தயவுசெய்து வரப்பில் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் பொதுச் சொத்து மாதிரி, அதற்கு எந்தக் கட்சியும் கிடையாது என்று எழுதினேன்.

இரண்டு தரப்பும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த சண்டை வரப்பில்தான் நடந்தது. தங்கையனின் மச்சானுக்கு இடது கையில் மூன்று விரல் போனது. விலை நாலாயிரத்து ஐந்நூறு.

புரட்டாசியில் ஒரு சந்தை நாள் மத்தியானம் மிராசுதாரின் களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. நீங்கள்தான் வந்து விசாரித்தீர்கள், ஐயா. அது தங்கையன் இல்லை, நான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் வைத்தேன், கொட்டகைப் பக்கம் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. போருக்கு அந்தப் பக்கம் கன்றுக்குட்டி ஒன்று கட்டியிருந்தது. அதை முதலில் அவிழ்த்துவிட்ட பிறகுதான் தீக்குச்சி கிழித்தேன். என்னை அப்படிப்பட்டவன் என்றுதான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தங்கையனைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தீர்கள். அந்தப் பதினைந்து நாளும் அமிர்தம் அடுப்பு பற்றவைத்தாள் என்றால் அதற்கு நான்தான் காரணம். அரிசியும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாமீன் மனுவும் நான் எழுதியதுதான், வலது கையால். அவன் வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்யில்லை.

வைக்கோல் போருக்குப் பிறகு மிராசுதார் தளர்ந்துவிட்டார். ரத்தக் கொதிப்பு என்றார். நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ, எரித்துவிடுவார்களோ என்று ராத்திரியெல்லாம் விழித்திருப்பதாகச் சொன்னார். மார்கழியில் நான் போனபோது நான் கேட்பதற்கு முன்பே பேச்சை எடுத்தார்.

"உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

சொன்னேன்.

"அதயே குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. எனக்கு அந்தச் சனியன் வேண்டாம். ஆனா தங்கையன் உள்ளயே பாயப் போட்டுப் படுத்திருக்கான். ஒரு ஆளக் கிட்ட விடமாட்டேங்கறான். அவன எழுப்புறது உங்க பாடு."

இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்து ரசீது வாங்கினேன். தேதி போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, அவர் கையெழுத்தோடு இருக்கிறது. இதோ. இதை ரைட்டர் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

தங்கையனிடம் போய்ப் பக்குவமாகப் பேசினேன். பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உனக்கு உடம்பு கெட்டுப்போகும், குழந்தை மாதிரி அதைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாயே, வீட்டுக்குப் போய்ப் படு என்றேன். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது. நாலு ராத்திரியாகத் தூங்கவில்லை.

"பயிரு பால் புடிக்கிற நேரம்ணே," என்றான். "இப்ப தண்ணி நின்னா எல்லாம் பதராப் போயிடும். இன்ஜின் போச்சுன்னா நெலம் போச்சு. நீங்க வந்தா மட்டுந்தான் நான் செத்த நேரம் கண்ண மூடுறேன். வேற யாரயும் நம்ப முடியல."

அவன் எழுந்திருக்கப் போவதில்லை என்று அப்போது புரிந்தது. மிராசுதாரின் மனசு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ஜெக்கரியா மேஸ்திரி படகில் இன்ஜின் உட்காருவதற்கு மேடை கட்டி முடித்து என்றைக்கு வரும் என்று ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். மிராசுதாரைக் கைது செய்தீர்கள். ஊரும் சங்கமும் அவர்தான் ஆள் வைத்துத் தங்கையனை முடித்துவிட்டார் என்கிறார்கள், நிலத் தகராறு என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கொட்டகைக்கும் சீல் வைத்துவிட்டீர்கள். அதுதான் என்னை இங்கே வரவழைத்தது. கோர்ட்டில் விசாரித்தேன். வழக்கு முடியும் வரை இன்ஜின் அசையாதாம், மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஆகுமாம். சிலிண்டருக்குள் துரு ஏறிவிடும். ஒருவர் செய்யாத குற்றத்துக்காக என் இன்ஜின் அங்கே கிடப்பது நியாயமில்லை. அது அவர் சொத்தும் இல்லை, ரசீது சொல்கிறது. செய்தவன் நான்தான் என்று எழுதிக்கொண்டால் அவர் வெளியே வருவார், சீலும் எடுக்கப்படும். இன்ஜினை சௌந்தரநாயகியிடம் கொடுத்துவிடுங்கள், மேஸ்திரி வந்து ஏற்றிக்கொள்வார். நான் திரும்பி வரும் வரை படகை வேறு ஆள் வைத்து ஓட்டலாம்.

அதனால் அன்றைக்கு நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி இருபதாம் தேதி. காலை பஸ்ஸில் இருபது லிட்டர் டீசல் டின்னோடு போய் இறங்கினேன். பழைய இன்ஜினை நாலு மணி நேரம் பாரத்தோடு ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது ஜெக்கரியா மேஸ்திரியின் கண்டிப்பு. அரை மணிக்கு ஒரு தடவை சூடு, எண்ணெய், புகை, சத்தம் எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். இருமினாலும் எழுத வேண்டும், இரண்டாவது தடவை இருமினால் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்கென்றே ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தேன்.

டீசலைப் பார்த்ததும் தங்கையன் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க ஓட்டுங்கண்ணே, நான் கொஞ்சம் சாயுறேன்," என்று இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பாயில் படுத்தான். அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குத் தூக்கம் வரும், நின்றால்தான் விழிப்பான். படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை.

பதினொன்றரைக்கு ஓடவிட்டேன். புகைக் குழாய் சுவர் வழியாக வெளியே போகிறதல்லவா, அதை இன்ஜினோடு சேருகிற இடத்தில் கழற்றிவிட்டேன். குழாய் இருந்தால் நிஜமான சத்தம் கேட்காது. ஆடு புகுந்துவிடாமல் கதவைச் சாத்தி வெளியே கொக்கி போட்டுப் பூட்டினேன். ஓட்டு இடுக்கில் வைக்கோலும் ஈரச்சாக்கும் அடைத்தேன். இன்ஜினுக்குக் காற்று வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது மூச்சுத் திணறினால் சோதனையே தப்பாகிவிடும். அதனால் ஜன்னலிலிருந்து அதன் காற்றுக் குழாய்க்கு ஒரு ரப்பர் ஹோஸ் வைத்து, சுற்றிலும் களிமண் பூசி, வெளிக்காற்று அதற்கு மட்டும் போகும்படி செய்தேன். அந்த வேலை சுத்தமாக இருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பிறகு புங்க மரத்தடியில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். அன்றைக்கு அந்த நிலத்துக்குப் பாய்ந்த மாதிரி ஒருநாளும் தண்ணீர் பாய்ந்ததில்லை, ஐயா. வரப்பு ததும்பிப் பதினாலு ஏக்கரும் கண்ணாடி மாதிரி நின்றது.

ஒன்றரை மணிக்கு அமிர்தம் சோற்றுத் தூக்கோடு வந்தாள். தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அவரு எங்கண்ணே?"

"தூங்குறாரு, தங்கச்சி. நாலு நாள் தூக்கம். எழுப்பாத."

அவள் கதவைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். ஆடு புகுந்துவிடும் என்றேன். தலையாட்டினாள்.

"நல்லாத் தூங்கட்டும்," என்றாள். "ஆறிப் போயிடும், நீங்க சாப்பிடுங்கண்ணே. அவருக்கு நான் அப்புறம் கொண்டாறேன்."

சுண்டக்காய் வத்தக்குழம்பு. சாப்பிட்டேன். கையில் எடுத்து நீட்டியதை வேண்டாம் என்று சொன்னால் அவள் மனசு கஷ்டப்பட்டிருக்கும்.

மூன்றரைக்கு இன்ஜினை நிறுத்தினேன். எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சூடு அளவு தாண்டவில்லை. அவன் விழித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனேன். நான் போன பிறகுதான் மிராசு ஆள் வந்திருக்க வேண்டும் என்று அமிர்தமே உங்களிடம் சொன்னாளாம்.

நோட்டைப் பாருங்கள், எல்லாம் நேரப்படி இருக்கிறது. பன்னிரண்டே காலுக்கு எதிரே மட்டும் 'இருமல்' என்று எழுதி அடித்திருக்கும். எழுதியவுடனே எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டாவது தடவையும் கேட்டது, மூன்றாவது தடவையும் கேட்டது. இவ்வளவு பாடுபட்டும் வீணாகிவிட்டதே என்று நோட்டை மூடப் போனேன். நல்ல வேளை, அது இன்ஜின் இல்லை. அடித்துவிட்டேன்.